கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று நீங்களே சோதிப்பது எப்படி

ஒரு கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க இன்னொரு கடிகாரம் வேண்டும். அது சரியா என்று பார்க்க மூன்றாவது ஒன்று வேண்டும். இது எங்கே போய் முடியும் என்று இயற்பியல் ஆய்வகத்தில் ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒரு மாணவர் கேட்பார். நான் வாயால் பதில் சொல்வதில்லை. ஒரு நூலையும் ஒரு இரும்பு நட்டையும் கையில் கொடுத்துவிடுவேன். அவர்களிடம் என்னென்ன செய்யச் சொல்வேனோ அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

நீளம் அளப்பது சுலபம். அளவுகோலை மேசைமேல் வைத்துப் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் நாளைக்கு மறுபடி வைத்துப் பார்க்கலாம். நேரத்தில் அந்த வசதி கிடையாது. நேற்று போன ஒரு நிமிடத்தைத் தூக்கி வந்து இன்றைய நிமிடத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிட யாராலும் முடியாது. திரும்பத் திரும்ப நடக்கிற ஒன்றை எடுத்துக்கொண்டு எண்ண வேண்டும். அதோடு சம்பந்தமே இல்லாத வேறொன்றையும் எண்ணி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். தொங்கும் நூல், சூரியன், நட்சத்திரம், குவார்ட்ஸ் படிகம் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து ஒரே கணக்கைச் சொன்னால் நம்பலாம். ஒன்று மட்டும் விலகி நின்றால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அணுக்கடிகாரம் வரைக்கும் இதே வழிதான்.

தேவையானவை: இழுபடாத மெல்லிய நூல் ஒன்றரை மீட்டர், கனமான நட்டு, இரண்டு சின்ன மரச்சட்டங்கள், கெட்டி அட்டை, அளவு நாடா, 30 செ.மீ. அளவுகோல், ஸ்டாப்வாட்ச் உள்ள கைபேசி, ஒரு நோட்டு. நோட்டு இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். இங்கே சொல்லும் வேலைகளில் பாதிக்குமேல் எழுதி வைத்தால்தான் பலன் தரும்.

முதலில் உங்கள் கை

ஸ்டாப்வாட்ச் விநாடியில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். அதை அழுத்தும் விரல் அவ்வளவு துல்லியம் இல்லை. எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நண்பர் அளவுகோலின் மேல்நுனியைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடட்டும். கீழே பூஜ்யக் குறி உங்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கட்டும், விரல் தொடக்கூடாது. அவர் சொல்லாமல் கொள்ளாமல் விட வேண்டும், நீங்கள் பிடிக்க வேண்டும். 10 செ.மீ. குறியில் பிடித்தால் 0.14 விநாடி, 20 செ.மீ. என்றால் 0.20 விநாடி, 25 செ.மீ. என்றால் 0.23 விநாடி. விழும் பொருளின் கணக்கு எல்லோருக்கும் ஒன்று என்பதால் இந்த அளவுகோலே ஒரு கடிகாரம்தான்.

பத்துப் பதினைந்து தடவை செய்து எழுதுங்கள். சராசரி எவ்வளவு என்பதைவிட, தடவைக்குத் தடவை எவ்வளவு மாறுகிறது என்பதுதான் நமக்கு வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவு தாமதமாக அழுத்தினால் இரண்டும் கழிந்துபோகும். கழியாமல் மிஞ்சுவது அந்த ஏற்ற இறக்கம்தான். அது 0.1 விநாடிக்குள் இருந்தால் உங்கள் கை இந்த வேலைக்குப் போதும்.

நூலும் நட்டும்

நட்டை நூலில் கட்டுங்கள். மேலே ஆணியில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுவதுதான் வழக்கம். அது வேண்டாம். முடிச்சு ஆணியில் உருளும், தொங்கும் நீளம் ஒவ்வொரு அலைவிலும் கொஞ்சம் மாறும். நூலை இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவில் வைத்து இறுக்கிக் கட்டி, சட்டங்களை மேசை விளிம்பிலோ கதவு நிலையிலோ அசையாமல் பொருத்துங்கள். நூல் வெளியே வரும் இடம் கூர்மையான நேர்விளிம்பாக இருக்க வேண்டும். அந்த விளிம்பிலிருந்து நட்டின் நடு மையம் வரை அளந்து சரியாக 1 மீட்டர் வையுங்கள். நட்டைத் தொங்கவிட்ட பிறகுதான் அளக்க வேண்டும், ஏனென்றால் எடை ஏறியதும் நூல் நீளும். கட்டிய உடனே அளக்காமல் ஒரு ராத்திரி தொங்கவிட்டுக் காலையில் அளந்தால் இன்னும் நல்லது. பருத்தி நூல் ஈரக்காற்றில் நீளம் மாறும். மீன்பிடி நரம்போ மெல்லிய கம்பியோ இருந்தால் அதுவே என் தேர்வு.

பக்கவாட்டில் 9 செ.மீ.-க்கு மேல் இழுக்காதீர்கள். அது சுமார் 5 பாகைச் சாய்வு. தள்ளாமல் விடுங்கள். இரண்டு மூன்று அலைவுகள் அமைதியாகப் போகட்டும். நட்டு வட்டமாகச் சுற்றினால் நிறுத்தி மறுபடி விடுங்கள். ஊசலுக்குப் பின்னால் ஒரு காகிதத்தில் செங்குத்துக் கோடு போட்டு ஒட்டி, நூல் அந்தக் கோட்டைக் கடக்கும் கணத்தைப் பாருங்கள். ஓரத்தில் போய் நின்று திரும்பும் இடத்தைப் பார்த்து அழுத்த நிறையப் பேருக்கு ஆசை வரும், அங்கே மெதுவாக இருப்பதால் பார்க்கச் சுலபம் என்று. ஆனால் மெதுவாக இருப்பதாலேயே எந்தக் கணத்தில் திரும்பியது என்று சொல்ல முடியாது. நடுவில்தான் வேகம் அதிகம், அங்கேதான் கணம் கூர்மையாகத் தெரியும்.

இப்போது எண்ணுவது. நூல் இடமிருந்து வலமாகக் கோட்டைக் கடக்கும்போது ஸ்டாப்வாட்சை அழுத்தி "பூஜ்யம்" என்று சொல்லுங்கள். அடுத்த முறை அதே திசையில் கடக்கும்போது "ஒன்று". தொடங்கும்போதே "ஒன்று" என்றால் ஒரு அலைவு காணாமல் போகும். நூறு வரை எண்ணி அழுத்துங்கள்.

200.4 விநாடிக்கும் 200.9 விநாடிக்கும் இடையில் வர வேண்டும். எதற்கு இந்த இடைவெளி என்றால், நீங்கள் பூமியில் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. துருவத்தில் ஈர்ப்பு கொஞ்சம் அதிகம், ஊசல் வேகமாக ஆடும். நிலநடுக்கோட்டில் கொஞ்சம் குறைவு, மெதுவாக ஆடும். 1672-ல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தை நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள கயேனுக்குக் கொண்டுபோனார். அங்கே அது ஒரு நாளைக்கு இரண்டரை நிமிடம் போலப் பின்தங்கியது. ஊசலை ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் குறைத்த பிறகுதான் சரியானது. பூமி துருவங்களில் தட்டையானது என்று வாதாடுவதற்கு நியூட்டனுக்கு இந்தக் கடிகாரம் உதவியது. உங்கள் நூலும் அதே வித்தியாசத்தைக் காட்டும் அளவுக்குத் துல்லியமானதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: விரலால் வரும் பிழை 200 விநாடியில் 0.1. நீளத்தில் 1 மில்லிமீட்டர் தவறினாலும் அதே 0.1 விநாடிதான். இரண்டும் சேர்ந்தாலும் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஒற்றை அலைவை மட்டும் அளந்திருந்தால் அதே விரல் பிழை நூறில் ஐந்து ஆகியிருக்கும். நூறு அலைவு எண்ணச் சொல்வது இதற்காகத்தான். நேர அளவையில் இதைவிடப் பயனுள்ள ஒரு உத்தி எனக்குத் தெரியாது: சிறிய காலத்தை அளக்க வேண்டுமா, அதை அடுக்கிப் பெரிதாக்கி அளந்து வகுத்துவிடுங்கள்.

பிறகு, வேண்டுமென்றே பெரிதாக இழுத்து, 30 பாகைச் சாய்வில் விட்டு, இருபது அலைவுகள் மட்டும் அளந்து பாருங்கள். அரை விநாடிக்கு மேல் அதிகம் ஆகும். ஊசலின் நேரம் வீச்சைப் பொறுத்தது இல்லை என்று கலிலியோ சொன்னார். பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் படித்திருப்போம். சின்ன வீச்சுக்கு அது ஏறக்குறைய உண்மை. 5 பாகையில் ஏறும் நேரம் பத்தாயிரத்தில் ஐந்து பங்குதான். 30 பாகையில் நூறில் ஒன்றே முக்கால். 1656-ல் முதல் ஊசல் கடிகாரத்தை வடிவமைத்த ஹைகன்ஸுக்கு இது தலைவலியாக இருந்தது. வீச்சு எப்படி இருந்தாலும் நேரம் மாறாதிருக்க ஊசலின் நூலை வளைந்த தகடுகளுக்கு இடையே ஆடவிட்டார். அவருக்கு முன்னால் இயந்திரக் கடிகாரங்கள் நாளுக்குக் கால் மணி நேரம் தவறுவது சாதாரணம். ஊசல் வந்ததும் அது கால் நிமிடம் ஆனது.

சூரியனை அளப்பது

சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, ஒரு கணம்கூட. இங்கே நாம் தரையைத்தான் பார்க்கப் போகிறோம்.

குச்சி ஊன்றி நிழல் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. அதில் ஒரு சங்கடம் உண்டு. சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரைப் பாகை அகலமான தட்டு. அதனால் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் நுனி ஏறக்குறைய ஒரு செ.மீ. அகலத்துக்கு மங்கலாகக் கலைந்திருக்கும். நுனி எது என்று இரண்டு பேர் இரண்டு இடத்தைக் காட்டுவார்கள். அதனால் குச்சியை விட்டுவிட்டு ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் 2 மி.மீ. துளை போட்டு, ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு சட்டத்தின்மேல் படுக்கைவாட்டில் அசையாமல் பொருத்துங்கள். அட்டையின் நிழலுக்கு நடுவே தரையில் ஒரு சின்ன ஒளிவட்டம் விழும். வட்டமான துளையால் வந்தது என்று நினைக்க வேண்டாம். சதுரத் துளை போட்டாலும் வட்டம்தான் வரும், ஏனென்றால் அது சூரியனின் படம். வட்டத்துக்கு மையம் கண்டுபிடிப்பது சுலபம். மங்கிய நுனிக்கு முடியாது.

துளையிலிருந்து ஊசல் நூலைத் தொங்கவிட்டு, அதற்கு நேர்கீழே தரையில் ஒரு புள்ளி வையுங்கள். அதை மையமாக வைத்துப் பல அளவுகளில் வட்டங்கள் வரையுங்கள். முற்பகலில் ஒளிவட்டம் ஒவ்வொரு வட்டக்கோட்டையும் கடக்கும் இடத்தைக் குறியுங்கள். பிற்பகலில் அதே கோடுகளை மறுபடி கடக்கும், அதையும் குறியுங்கள். ஒவ்வொரு ஜோடிக் குறிக்கும் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, நடுப்புள்ளிகளையும் மையத்தையும் சேர்த்துக் கோடு போட்டால் அதுதான் உண்மையான வடக்கு தெற்கு. ஜோடிகள் பல இருந்தால் கோடு நம்பகமாக வரும். கதிர்த்திருப்ப நாட்களை ஒட்டி, அதாவது ஜூன், டிசம்பர் மூன்றாம் வாரங்களில், இதைச் செய்தால் இன்னும் துல்லியம். அப்போது ஒரே நாளில் சூரியனின் வடக்கு தெற்கு நகர்வு மிகக் குறைவு.

கோடு கிடைத்துவிட்டது. இனி அட்டையை எடுத்தாலும் அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும், சட்டத்தில் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். வெயில் அடிக்கும் ஒவ்வொரு நடுப்பகலிலும் ஒளிவட்டத்தின் முன்விளிம்பு கோட்டைத் தொடும் நேரம், பின்விளிம்பு விலகும் நேரம் இரண்டையும் கைபேசியில் பார்த்து எழுதி, நடு நேரத்தை எடுங்கள். இரண்டுக்கும் இடையே இரண்டரை நிமிடம் போல ஆகும். கண்ணெதிரே அந்த ஒளி நகர்வதைத் தரையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குப் பூமி சுழல்கிறது என்பது அதற்கப்புறம் வெறும் பாடமாக இருப்பதில்லை. நான் பார்த்த மாணவர்களில் ஒருவர்கூட அந்த இரண்டரை நிமிடத்தில் பேசியதில்லை. இத்தாலியில் பொலோஞ்ஞாவின் சான் பெத்ரோனியோ தேவாலயத்தில் 1655-ல் காசினி என்ற வானியலாளர் இதையே பெரிய அளவில் செய்தார். துளை 27 மீட்டர் உயரத்தில், கோடு 60 மீட்டருக்கும் மேல் நீளத்தில். அங்கே சூரியனின் படம் ஒரு சாண் அகலத்துக்கு மேல் இருக்கும்.

நீங்கள் எழுதும் நேரம் 12:00 ஆக இருக்காது. முதல் காரணம் சாதாரணமானது: கைபேசி காட்டுவது உங்கள் தலைக்கு மேலான நேரம் இல்லை, ஏதோ ஒரு பொதுத் தீர்க்கரேகையின் நேரம். அந்த ரேகைக்கு மேற்கே ஒவ்வொரு பாகைக்கும் 4 நிமிடம் தாமதம், கிழக்கே 4 நிமிடம் முன்னே. இதைக் கழித்துவிடலாம், மாறவே மாறாது.

கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பார்க்க வேண்டியது. வாரத்துக்கு ஒரு நாளாவது எழுதி வாருங்கள், ஒரு வருஷம் முழுக்க. பிப்ரவரி நடுவாக்கில் சூரியன் 14 நிமிடம் தாமதமாகக் கோட்டுக்கு வரும். நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முன்கூட்டியே வந்துவிடும். ஏப்ரல் நடு, ஜூன் நடு, செப்டம்பர் தொடக்கம், டிசம்பர் 25 ஒட்டி, இந்த நாலு சமயத்தில் மட்டும் சொன்ன நேரத்துக்கு வரும். ஒரு நடுப்பகலுக்கும் அடுத்த நடுப்பகலுக்கும் உள்ள இடைவெளி டிசம்பர் கடைசியில் 24 மணி நேரத்தைவிட அரை நிமிடம் அதிகம், செப்டம்பர் நடுவில் 20 விநாடி போலக் குறைவு.

சரி, தப்பு யார் பக்கம்? சூரியன் சரி, கடிகாரம்தான் வருஷத்தில் நாலு தடவை முன்னும் பின்னும் ஓடுகிறது என்றும் சொல்லலாமே? தொடக்கத்தில் சொன்ன ஒப்பீடு இங்கேதான் கைகொடுக்கும். உங்கள் ஒரு மீட்டர் ஊசலை டிசம்பரிலும் செப்டம்பரிலும் ஸ்டாப்வாட்சோடு ஒப்பிடுங்கள், இரண்டும் ஒத்துப்போகும். அடுத்து சொல்லப்போகும் நட்சத்திரத்தோடும் ஒத்துப்போகும். தனியாக நிற்பது சூரியன்தான். அதற்குக் காரணமும் உண்டு. பூமி போகும் பாதை நீள்வட்டம். ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்கு அருகில் வரும்போது வேகம் அதிகம். அதோடு பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டும் கலந்துதான் அந்த 14-ம் 16-ம் வருகின்றன.

நட்சத்திரமும் சுவரும்

சூரியனைவிட நட்சத்திரம் பல மடங்கு ஒழுங்கானது. கருவியும் தேவையில்லை. தூரத்தில், இருபது மீட்டராவது தள்ளி, ஒரு கட்டடத்தின் செங்குத்தான விளிம்பைத் தேர்ந்தெடுங்கள். தெற்கு வடக்குத் திசையை ஒட்டிய விளிம்பு நல்லது. ஜன்னல் கம்பியில் 3 மி.மீ. துளையிட்ட ஒரு அட்டையை அசையாமல் ஒட்டுங்கள். அந்தத் துளை வழியாக மட்டும் பார்க்க வேண்டும். ஒரு பிரகாசமான நட்சத்திரம் சுவர் விளிம்புக்குப் பின்னால் மறையும் கணத்தைக் குறியுங்கள். மெல்ல மங்காது, பட்டென்று அணையும்.

அடுத்த இரவு அதே துளை, அதே விளிம்பு, அதே நட்சத்திரம். 3 நிமிடம் 56 விநாடி முன்னதாக மறைய வேண்டும். பூமி தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்ற எடுப்பது 24 மணி நேரம் இல்லை. 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. சூரியனைச் சுற்றியும் போய்க்கொண்டிருப்பதால், சூரியனை மறுபடி அதே இடத்தில் பார்க்க இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கொஞ்சம்தான் இந்த நாலு நிமிடம்.

இருபது மீட்டர் தூரமும் 3 மி.மீ. துளையும் இருந்தால் பிழை 2 விநாடிக்குள் நிற்கும். பத்து நாள் கழித்து மறுபடி பார்த்தால் அதே 2 விநாடி பத்து நாளில் பரவி, நாளுக்கு 0.2 ஆகிவிடும். ஊசலில் நூறு அலைவு எண்ணினோமே, அதே உத்தி. கிரகத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள், அது நட்சத்திரங்களுக்கிடையே நகர்ந்துகொண்டே இருக்கும். மினுங்காமல் நிலையாக ஒளிர்ந்தால் கிரகமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓரியன் கூட்டத்தின் நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களில் ஒன்று வசதியானது. வான நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் வேகமாக நகரும், உலகத்தில் எங்கிருந்தும் தெரியும்.

இந்தப் பூமிச் சுழற்சியும் கடைசிப் பதில் இல்லை. குவார்ட்ஸ் கடிகாரங்கள் போதுமான அளவு நன்றாக வந்தபோது, பல கடிகாரங்கள் ஒரு பக்கம், பூமி ஒரு பக்கம் என்று ஆனது. பூமியே பருவத்துக்குப் பருவம் துளித்துளியாகத் தடுமாறுகிறது என்று தெரிந்தது. 1967-ல் விநாடியைச் சீசியம்-133 அணுவிடம் ஒப்படைத்தார்கள்: அதன் குறிப்பிட்ட கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிர எடுக்கும் காலம் ஒரு விநாடி. பூமியோடு ஒத்துப்போக 1972-லிருந்து 2016 முடிய 27 லீப் விநாடிகள் சேர்த்தார்கள். 2035-க்குள் அந்த வழக்கத்தை நிறுத்திவிடுவது என்று 2022-ல் முடிவாகியிருக்கிறது. கைபேசி வலையமைப்பிலிருந்து வாங்கிக் காட்டுவது இந்த அணுநேரத்தைத்தான்.

அணுக்கடிகாரங்களும் ஒன்றுக்கொன்று முழுக்க ஒத்துப்போகாது. அது கடிகாரத்தின் குறை இல்லை. ஈர்ப்பு அதிகமுள்ள இடத்தில் காலமே மெதுவாகப் போகிறது என்று ஐன்ஸ்டைன் சொன்னதை 2010-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கடிகாரத்தை இன்னொன்றைவிட 33 செ.மீ. உயர்த்தி வைத்தே அளந்து காட்டினார்கள். மேல் தட்டில் உள்ளது கொஞ்சம் வேகமாக ஓடியது. இதை வீட்டில் செய்ய முடியாதுதான். ஆனாலும் எனக்கு இதைவிட வியப்பான அளவீடு வேறெதுவும் இல்லை.

உங்கள் கைக்கடிகாரத்துக்கு ஒரு பக்கம்

நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: தேதி, கைபேசி நேரத்திலிருந்து வித்தியாசம். தினமும் ஒரே மணிக்கு. கடிகாரத்தைத் திருத்தாதீர்கள், அது முக்கியம். இரண்டு வாரம் போனதும் வித்தியாசம் எப்படி ஏறுகிறது என்று பாருங்கள்.

ஒரு கடிகாரம் தினமும் சரியாகப் பத்து விநாடி முன்னே ஓடுகிறது. இன்னொன்று ஒரு நாள் எட்டு விநாடி ஃபாஸ்ட், மறுநாள் ஏழு விநாடி ஸ்லோ, ஆனால் சராசரியில் சரியாக இருக்கிறது. எது நல்ல கடிகாரம்? முதல் கடிகாரம், சந்தேகமே இல்லை. அதன் போக்கு தெரிந்துவிட்டால் எத்தனை நாள் கழித்தும் கழித்துச் சரியான நேரம் சொல்லிவிடலாம். இரண்டாவதை எதைக் கொண்டும் திருத்த முடியாது. கப்பலில் நேரம் பார்க்க ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர் செய்த எச்-4 கடிகாரம் 1761-ல் ஜமைக்காவுக்குப் போன கடற்பயணத்தில் 81 நாளில் 5 விநாடி மட்டுமே தவறியது என்று படித்திருப்பீர்கள். அந்த 5 விநாடி, கடிகாரத்தின் தினசரிப் போக்கை முன்கூட்டியே சொல்லிக் கழித்த பிறகு மிஞ்சியது. மாலுமிக்கு அதுவே போதும்.

குவார்ட்ஸ் கடிகாரத்தில் உள்ள படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிரும். பாதி பாதியாக்கிக்கொண்டே போனால் பதினைந்தாவது படியில் ஒன்றாகிவிடும் எண் அது, சுற்றுக்கு வசதி. அறை வெப்பத்தை ஒட்டித்தான் அது சரியாக ஓடும். குளிரிலும் கடுஞ்சூட்டிலும் பின்தங்கும். கையில் கட்டியபோது ஒரு வாரம், குளிர்ந்த இடத்தில் வைத்து ஒரு வாரம் எழுதினால் இது தெரிந்துவிடும்.

கடைசியாக, உங்கள் மனசு

இதற்குத் தேவை ஸ்டாப்வாட்ச் மட்டும். திரையைப் பார்க்காமல் தொடங்கி, விநாடிக்கு ஒன்று என்று உங்களுக்குத் தோன்றும் வேகத்தில் 60 வரை எண்ணி நிறுத்துங்கள். ஆன நேரத்தை எழுதுங்கள். முடிவைப் பார்த்து அடுத்த தடவை வேகத்தைத் திருத்திக்கொள்ளக் கூடாது. கைக்கடிகாரத்தைத் திருத்த வேண்டாம் என்றேனே, அதே காரணம். ஒரு மாத முடிவில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, ஸ்டாப்வாட்சைப் படிக்கும் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

காலை எழுந்ததும், கடுமையான வேலைக்கு நடுவில், சும்மா காத்திருக்கும்போது, தூக்கம் வரும்போது என்று வேறு வேறு நிலையில் செய்யுங்கள். உடல் வெப்பத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். ஹட்சன் ஹோக்லண்ட் என்ற அமெரிக்க உடலியலாளர் காய்ச்சலில் படுத்திருந்த தன் மனைவியை இப்படி எண்ணச் சொல்லி அளந்தார். காய்ச்சல் ஏறியபோது எண்ணும் வேகமும் ஏறியது. 1933-ல் அதை வெளியிட்டார். உள்ளே ஓடும் கடிகாரம் சூட்டுக்கு வேகமெடுத்தால், வெளியே நிமிடங்கள் நகராதது போலத் தோன்றும். காய்ச்சல் ராத்திரி நீள்வதற்கு வலி மட்டும் காரணம் இல்லை.

வெளியிலிருந்து வரும் தடயங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் தன்மேலேயே சோதித்தார். 1962 ஜூலை 16 அன்று கடிகாரம் இல்லாமல் ஆல்ப்ஸ் மலைக் குகைக்குள் இறங்கினார். செப்டம்பர் 14 அன்று வெளியே கூப்பிட்டபோது அவர் கணக்கில் அது ஆகஸ்ட் 20. விநாடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணச் சொன்னபோது அவருக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கிறது. எண்ணியவருக்கு அது இரண்டு நிமிடம்தான்.

எண்ணாமல் மதிப்பிடும் சோதனை வேறு. நண்பர் ஒருவரிடம் சொல்லிவைத்து, நீங்கள் எதிர்பார்க்காத நேரத்தில் "நாம் பேச ஆரம்பித்து எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்கச் சொல்லுங்கள். நேரத்தைக் கவனித்துக்கொண்டே இருந்தால் அது நீளும். பின்னால் திரும்பி நினைக்கும்போது, புதிதாக நிறைய நடந்த நேரம்தான் நீளமாகத் தெரியும். இரண்டும் வேறு வேறு வழியில் வருபவை, ஒரே பத்தியில் கலந்து எழுதாதீர்கள். ஆபத்தில் நேரம் மெதுவாகிறது என்று சொல்வதும் இந்த இரண்டாவது வகைதான். 2007-ல் வெளியான ஓர் ஆய்வில் 31 மீட்டர் உயரத்திலிருந்து வலையில் விழுந்தவர்கள் தங்கள் வீழ்ச்சியை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீட்டிச் சொன்னார்கள். ஆனால் விழும்போது மணிக்கட்டில் வேகமாக மாறிய எண்களை வழக்கத்தைவிடக் கூர்மையாக அவர்களால் படிக்க முடியவில்லை. நீண்டது நினைவுதான்.

முள் உள்ள கடிகாரம் இருந்தால் இதையும் செய்யுங்கள்: வேறெங்கோ பார்த்துவிட்டுச் சட்டென்று விநாடி முள்ளுக்குக் கண்ணைக் கொண்டுபோங்கள். முதல் விநாடி மட்டும் முள் நின்றுவிட்டது போல நீளமாக இருக்கும். கண் தாவும் கணத்தில் தெரியாமல் போனதை, வந்து சேர்ந்த இடத்தின் காட்சியைப் பின்னோக்கி இழுத்து மூளை நிரப்பிக்கொள்கிறது. முள் விட்டுவிட்டுத் துடிக்கும் கடிகாரமாக இருக்க வேண்டும், வழுக்கிக்கொண்டு ஓடும் முள்ளில் இது தெரியாது.

மாதக் கடைசியில் 60 எண்ணிய பட்டியலை எடுத்து, கைக்கடிகாரத்துக்குப் போட்ட அதே கணக்கைப் போடுங்கள். சராசரி 60-லிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது ஒன்று, தடவைக்குத் தடவை எவ்வளவு சிதறியிருக்கிறது என்பது இன்னொன்று. 50, 51, 49 என்று வந்தால் நீங்கள் ஃபாஸ்ட்டாக ஓடும் நல்ல கடிகாரம். 60 எண்ணியதும் ஆறில் ஒரு பங்கு கழித்துக்கொண்டால் போதும். 45, 72, 58 என்று வந்தால் சராசரியை நம்ப வேண்டாம். முன்பு கட்டிய ஊசலைப் பக்கத்தில் ஆடவிட்டு, அதன் ஒவ்வொரு பாதி அலைவுக்கும் ஒன்று என்று கொஞ்ச நாள் சேர்ந்து எண்ணிப் பழகுங்கள், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பியுங்கள்.